நாற்பது எழுத்துக் கட்டம்

மார்ச் 3, திங்கள்

தூக்கிப் போடணுமாம். ஐந்தையும்.

கடையின் பின்னறையில் இருந்த பெரிய மெஷின் சனிக்கிழமையே கரகரவென்று சத்தம் போட்டது. இன்று உயிரை விட்டது. வயதாகிவிட்டது, போகட்டும். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து டைக்காரன் வந்தான். (இந்த வெயிலில் டை கட்டுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?) புது மெஷின் வைத்தான். எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து ஸ்டாக் புரோகிராமை அதில் ஏற்றினான். பேரிங், ஆயில் சீல், ஃபேன் பெல்ட் எல்லாம் பிசகாமல் வந்து உட்கார்ந்தன. அதுவரை கெட்டிக்காரன்தான்.

அப்புறம் அதோடு ஒயரில் கட்டிய திரைகளைப் பார்த்தால் ஐந்தும் கறுப்பு. கடை கவுண்டரில் மூன்று, பின் தெரு குடோனில் இரண்டு. எல்லாம் ஓர் ஆபீஸை மூடும்போது மொத்தமாக நான் பேசி எடுத்த பழைய பி.சி.கள். கீபோர்டில் எழுத்து தேய்ந்திருக்கும், ஆனால் ஒரு நாள் மக்கர் செய்ததில்லை.

"சார், இதுல இருக்கிற டெர்மினல் புரோகிராம் புது மெஷினோட பேசாது."

"பேச வை."

"வேற புரோகிராம் போடணும். அது உங்க நெட்வொர்க் கார்டை அடையாளம் கண்டுக்கணும். இது எங்கப்பா காலத்துக் கார்டு சார். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா வாங்கிடுங்க, நிம்மதி."

எவன் நிம்மதி? உன் நிம்மதியா, என் நிம்மதியா? ஓடுகிற வண்டியின் டிரைவரிடம் போய் இன்ஜினைத் தூக்கிப் போடு என்று நான் சொன்னால் என் பல்லைப் பெயர்த்துவிடுவான். இவன் டையைச் சரிசெய்துகொண்டு சொல்கிறான்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்கத் துண்டுச் சீட்டு வியாபாரம். கவுண்டரில் எழுதி, ஆள் எடுத்துக்கொண்டு பின் தெருவுக்கு ஓடி, சாமானோடு திரும்பி வந்தால் 6205 பேரிங் கேட்ட இடத்தில் 6305 இருக்கிறது. வாங்க வந்த பார்ட்டி என்னை முறைக்கிறான். நான் யாரை முறைப்பது?

"இன்டர்காம் இருக்கே சார்," என்றான் டைக்காரன் போனில். இருக்கிறது. என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போகிறவனையும் வைத்துக்கொண்டு இன்டர்காம் இருக்கிறது. குடோனைப் பார்த்துக்கொள்பவன் என் தம்பி. போன மழைக்காலத்திலிருந்து நாங்கள் பேசுவதில்லை. ஒரு லாட் ஃபேன் பெல்ட்டை, வெடிப்பு விடுகிறது என்று என்னைக் கேட்காமல் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். நல்ல பெல்ட். நான் கத்தினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடினவன் திறக்கவே இல்லை. நான் சொன்னது சரி. இப்பவும் சரி.

ஆனால் ஆர்டர் திரையின் அடியில் ஒரு கட்டம் உண்டு. 'குறிப்பு' என்று பேர். நாற்பது எழுத்து பிடிக்கும். 'பார்ட்டி அவசரம்', 'டப்பா கிழிசல்' என்று போடுவதற்காக வைத்தது. அதில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்போம். நான் 'இருமல் எப்படி' என்பேன். 'பரவால்ல' என்று வரும். அவன் மகள் பரீட்சை பாஸ் செய்த சேதி எனக்கு வந்தது ஒரு பெட்டி ஆயில் சீலோடு: 'சீல் 20 அனுப்பியாச்சு. பொண்ணு பாஸ்.' அன்று அந்தப் பார்ட்டிக்கு நானே டீ சொன்னேன். எதற்கென்று அவனுக்குப் புரிந்திருக்காது.

சண்டை போட்டவனோடு பேசக்கூடாது, ஆனால் கடை ஓடியாக வேண்டும். கடை ஓடுவதற்காக அடிப்பது பேச்சில் சேராது. இது அவனும் நானும் சொல்லிக்கொள்ளாமலே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இப்போது அதுவும் கறுப்பு.

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்காரி இன்று சொன்னாள். அவளுக்கும் அவள் ஓரகத்திக்கும் எந்தச் சண்டையும் இல்லை. இரண்டு வீட்டுச் சேதியும் அவர்கள் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"உங்க தம்பியோட மாமனாரு அவங்க ஊர்ல ஒரு கடை பார்த்து வெச்சிருக்காராம். தனியா வந்து நடத்துங்க மாப்பிள்ளைன்னு கூப்பிடறாராம். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"போகட்டுமே. யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?"

"போகட்டும்னு சொல்றவரு எதுக்குச் செருப்பை மாட்டறீங்க? இப்பதானே உள்ள வந்தீங்க?"

எங்கே போகக் கிளம்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

சைக்கிளின் பின்னால் பேரிங் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக நான் ஏறி இறங்கியபோது கேரியரை மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தவன் அவன். இப்போது மாமனார் கூப்பிடுகிறார். மாப்பிள்ளை! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? எப்படிக் கேட்பான், வாயால் கேட்க மாட்டான். கட்டத்தில் அடித்திருப்பானோ என்னவோ. அந்தக் கட்டத்தைத்தான் இந்த டைக்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டானே.

மார்ச் 8, சனி

டைக்காரன் தன்னுடைய புதுத் திரையைக் காட்ட வந்தான். நீலம், பச்சை, சின்னச் சின்னப் படம், எலியைப் பிடித்து இழுக்க வேண்டும். கவுண்டரில் இருக்கிற என் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பரைத் தட்டுகிறவர்கள். பார்ட்டி வாயை மூடுவதற்குள் ஸ்டாக் சொல்வார்கள். அவர்களைப் போய் எலி பிடிக்கச் சொல்கிறான்.

அதையும் பொறுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குமே, எங்க?"

"அதை யாரும் யூஸ் பண்றதில்ல சார். எடுத்துட்டோம்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"சார்... அது ஒரு சின்ன ஃபீல்டு—"

கதவைக் காட்டினேன். இப்படிக் கத்தியிருக்க வேண்டாம், கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள். முதலாளி நாலு காசுக்குப் பார்க்கிறார், அதனால்தான் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கஞ்சன் என்ற பேர் எனக்குப் பழக்கம். இதற்கு வேறு காரணம் இருக்கிறது என்று தெரிவதைவிட அது மேல்.

மார்ச் 10, திங்கள்

நானே தேடிக்கொள்கிறேன். எனக்குத் தெரியாத சந்தையா?

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சந்தில் வாசல் முழுக்கப் பெட்டியாக அடுக்கி வைத்து நடுவில் உட்கார்ந்திருப்பான் ஒருத்தன். எல்லோரும் அவனைப் பெட்டி என்றே கூப்பிடுகிறார்கள். அந்த ஆபீஸிலிருந்து பி.சி.களோடு வந்த கார்டு அட்டை டப்பாவை அவனிடம் காட்டினேன்.

"இந்தக் கம்பெனி கார்டுக்கு டெர்மினல் புரோகிராம் வேணும். புது மெஷினோட பேசணும்."

"புரோகிராம் இருக்கு சார். அதுக்கும் கார்டுக்கும் நடுவுல ஒரு டிரைவர் வேணும். இந்தக் கம்பெனி டிரைவர்னா... இதோ." ஒரு ஃப்ளாப்பியை ஊதித் துடைத்துக் கொடுத்தான். "புது மெஷின்ல பழைய கேபிள் ஏறாது. அதுக்கு நடுவுல வைக்க இந்தக் குட்டிப் பெட்டியையும் எடுத்துக்கங்க."

கடைக்கு வந்து போட்டேன். 'கார்டு எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது. கார்டு இல்லையாம்! பின்னால் கேபிளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன, சோப்புப் பெட்டியா?

மார்ச் 12, புதன்

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் காதில் ஒயரை மாட்டிய பையன்கள். கம்பெனி பேரை அடித்தேன். கம்பெனியே இல்லையாம், யாரோ வாங்கிவிட்டார்களாம். வாங்கினவன் பக்கத்துக்குப் போனால் 'இந்தப் பொருளுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது'. மாவு மெஷின் விற்கிறவன்கூட வீட்டு வாசல் வந்து கல் கொத்திக் கொடுப்பான். இவன்கள் விற்றுவிட்டு முதுகைக் காட்டுகிறான்கள்.

இன்னும் இரண்டு ஃப்ளாப்பி போட்டாயிற்று. 'கார்டு எதுவும் இல்லை.' 'கார்டு எதுவும் இல்லை.'

மார்ச் 13, வியாழன்

குடோன் வாசல் வழியாகப் போனேன். அவன் முதுகு தெரிந்தது. நிற்கவில்லை.

மார்ச் 15, சனி

இன்று ஒரு லாரி டிரைவரிடம் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே வாய் அடைத்துப்போனது.

"முதலாளி, நம்ம வண்டி வெள்ளைக் கலரு. முன் வீலுக்கு ஒரு பேரிங் குடுங்க."

"வெள்ளைக் கலருக்குப் பேரிங் எந்தக் கடையிலயும் இல்ல. கழட்டி எடுத்துட்டு வாய்யா. வளையத்து மேல நம்பர் குத்தியிருக்கும்."

"வண்டி இந்தக் கம்பெனிதான் முதலாளி."

"கம்பெனி என்ன கம்பெனி! ஒரே கம்பெனி ஒரு வருஷம் இதைப் போடுவான், மறு வருஷம் எது கிடைக்குதோ அதைப் போடுவான். டப்பா பேரைச் சொல்லாதே, உள்ள குத்தியிருக்கிற நம்பரைச் சொல்லு! நம்பர் ஒண்ணுன்னா எவன் செஞ்சதும் உக்காரும்—"

அங்கே நிறுத்தினேன். டிரைவர் இன்னும் திட்டு பாக்கி இருக்கிறது என்று நின்றுகொண்டிருந்தான்.

ஒரு வாரமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அட்டை டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக 'வெள்ளைக் கலருக்குப் பேரிங்' கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்! இந்தத் தொழிலில் தலை நரைத்தவன்!

அந்தப் பெட்டிக்காரன் மேலும் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை, 'கழட்டிக் காட்டுங்க' என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் ஃப்ளாப்பி விற்காது.

மார்ச் 17, திங்கள்

நேற்று கடை லீவு. கவுண்டரின் மூன்று பி.சி.யையும் கவிழ்த்து, கார்டைப் பிடுங்கி, பிரஷ்ஷால் தூசி தட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பேரிங் பார்க்கிற லென்ஸ்தான். நடுவில் இருக்கும் பெரிய கறுப்புச் சில்லின் மேல் நம்பர் பொடியாகக் குத்தியிருக்கிறது. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மூன்றிலும் ஒன்றே. அடியில் இருக்கும் நம்பரோ இரண்டு தினுசு. நான் சொன்னேனா இல்லையா? எவன் கிடைத்தானோ அவன் சில்லைப் போட்டுத் தன் பேரை ஒட்டி விற்றிருக்கிறான். உலகம் முழுக்க ஒரே வியாபாரம்தான்.

இன்று காலை அந்த நம்பரோடு பெட்டியிடம் போனேன். கம்பெனி பேரே எடுக்கவில்லை.

"ஓ, இந்தச் சில்லா!" என்றான். "இது ரொம்பப் பேரு காப்பி அடிச்ச ஜாதி சார். பொது டிரைவர் ஒண்ணு இருக்கு, அத்தனைக்கும் உக்காரும். இன்னொண்ணுக்குத் தனி. ரெண்டும் இருக்கு. மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீ மொதல்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னு..."

"இப்ப மட்டும் கொஞ்சறேனா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சாயங்காலம் கவுண்டரில் மூன்று திரையும் எரிந்தன. பச்சை எழுத்து, பழைய ஆர்டர் திரை, அடியில் 'குறிப்பு'. கர்சர் அங்கே போய் நின்று துடித்தது. கவுண்டர் ஆட்கள் கை தட்டினார்கள்.

யாருக்கு அடிப்பது? குடோனில் இரண்டும் இன்னும் கறுப்பு.

மார்ச் 18, செவ்வாய்

இன்று வந்தான்.

கவுண்டரில் ஆறேழு பேர் நிற்கும்போது, கையில் ஒரு சீட்டோடு, தலை முழுக்கத் தூசியோடு என் எதிரில் வந்து நின்றான். மழைக்காலத்துக்குப் பிறகு என்னிடம் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

"இது ரெண்டா, ஏழா?"

"கண்ணு தெரியலையா? ரெண்டு."

"கோழி கிளறின மாதிரி எழுதி அனுப்பினா எனக்கு எப்படித் தெரியும்? காலையிலேர்ந்து மூணு சாமான் திரும்பி வந்திருக்கு. திட்டு எனக்கு."

"உன்னை யாரு திட்டினா? பார்ட்டிகிட்ட திட்டு வாங்கறவன் நான். நீ பாட்டுக்கு உள்ள சொகமா உக்காந்திருக்கே."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது.

"சொகமாவா? ஒரு நாள் உக்காந்து பாருங்க அந்தக் குடோன்ல. காத்து இல்ல, மனுஷன் முகம் இல்ல. செவுத்தைப் பார்த்த ஒரு திரை. வர்ற பார்ட்டியில ஒருத்தனுக்குக்கூட என் முகம் தெரியாது."

"அதான் மாமனார் முகத்தைப் பார்க்கக் கிளம்பிட்டியோ?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"எதுல சொல்றது?" அவன் குரலும் ஏறியது. "அந்தக் கட்டத்துலயா? நாப்பது எழுத்துதான் போகும். எனக்குச் சொல்ல வேண்டியது அதுல அடங்கல."

"அப்ப ரெண்டு ஆர்டரா போட வேண்டியதுதானே!"

ஒரு பார்ட்டி சிரித்துவிட்டான். நான் முறைத்ததும் பெல்ட் ரேக்கைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

"ஒரு நாள் என்ன, ஒரு வாரம் உக்கார்றேன்டா நான் அங்க," என்றேன். "எப்படியும் அந்த ரெண்டு பி.சி.யையும் கழட்டிப் பார்க்கணும். நீ இங்க உக்காரு. இந்தக் கூட்டத்தோட வாயில விழுந்து பாரு. அப்பத் தெரியும் எது சொகம்னு."

"உக்கார்றேன்."

"உக்காரு!"

"எழுந்திருங்க மொதல்ல!"

எழுந்தேன். வேறு என்ன செய்வது, வாயை விட்டாயிற்று.

நடந்து போகும்போதுதான் உறைத்தது. வார்த்தைக்கு வார்த்தை 'பாருங்க, எழுந்திருங்க' என்று என்னவோ தெருவில் போகிறவரிடம் பேசுகிற மாதிரி மரியாதை. அத்தனை சண்டையிலும் ஒரு தடவை அண்ணே என்று சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

குடோனில் உட்கார முடியவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. திரை சுவரைப் பார்த்து இருக்கிறது. யார் வந்தாலும் முதுகுப் பக்கம்தான் வருகிறார்கள்; இரண்டு முறை தூக்கிவாரிப் போட்டது. சாமான் எடுக்கிற ஆட்கள் இருவரும் ரேக்குகளுக்குள் மறைந்துவிட்டால் சத்தமே இல்லை.

ரேக் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. நான் கம்பெனி வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கலைத்து நம்பர் வாரியாக வைத்திருக்கிறான். 6205 என்றால் எல்லாக் கம்பெனியின் 6205-ம் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று தீர்ந்தால் கை தானாக அடுத்ததுக்குப் போகிறது. நல்ல முறைதான். அதுதான் எரிச்சல். எப்போது மாற்றினான்? ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருப்பான். நாற்பது எழுத்தில் அடங்கியிருக்காது.

மார்ச் 20, வியாழன்

இந்தக் குடோன் கார்டுகள் என்னைச் சாகடிக்கின்றன. நம்பர் பார்த்தேன், பொது ஜாதிதான். டிரைவர் 'கார்டு இருக்கிறது' என்கிறது. டெர்மினல் புரோகிராம் எழும்புகிறது, அரைத் திரை வருகிறது, அப்படியே கல்லாக உறைகிறது. இரண்டில் ஒன்றை இன்றைக்கு உடைத்திருப்பேன். கையில் பெரிய ஸ்பேனர்கூட இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

பெட்டியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் குனிந்து பின்பக்கம் பார்த்தான்.

"இது என்ன ஒயர் சார்?"

"எடை மெஷின். நட்டு போல்ட்டு எடை போடறதுக்கு. அந்த ஒயர்லதான் எடை இதுல வரும்."

"இன்னொரு பி.சி.க்கு?"

"அதுக்கு லேபிள் அடிக்கிற மெஷின்."

"அப்ப அதான். எடை மெஷினும் இந்தக் கார்டும் ஒரே நம்பர்ல உக்காந்திருக்கு. ஒரே நாற்காலியில ரெண்டு பேரு. அங்கயும் இதே கதை. யாராவது செட்டிங்கை மாத்தினாங்களா?"

மாற்றினான். டைக்காரன் முதல் நாள் 'ஆட்டோ' என்று ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுத்தான் 'எங்கப்பா காலத்துக் கார்டு' என்று சொல்லிவிட்டுப் போனான். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டு, கெட்டுப்போனது என்று சொல்லித் தூக்கிப்போடச் சொல்லியிருக்கிறான். அவன் என் கையில் கிடைக்கட்டும்.

பெட்டி ஒரு செட்டிங் ஃப்ளாப்பியைப் போட்டுக் கார்டை வேறு நம்பருக்கு நகர்த்தினான். திரை முழுசாக வந்தது.

ஒரு ஆர்டரைத் திறந்து, குறிப்பில் 'டெஸ்ட்' என்று அடித்தேன். பிறகு கடையிலிருந்து:

'யாரு'

'நான்தான்' என்று அடித்தேன்.

பெட்டி தன் பையை மூடிக்கொண்டு கிளம்பிப் போனான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது:

'குடோன் சொகமா இருக்கா'

நக்கல்! அண்ணன்காரனிடம் நக்கல்! பதில் அடிக்கவில்லை. அடித்தால் கெட்ட வார்த்தை வரும், அது ஆர்டரோடு பிரின்ட் ஆகிவிடும்.

மார்ச் 24, திங்கள்

காற்றை வெளியே இழுக்கிற பெரிய ஃபேன் ஒன்று சொல்லி, பின்சுவரில் ஓட்டை போட்டு மாட்டச் சொன்னேன். மாட்டி முடிப்பதற்குள் எவனோ கடையில் போய்ச் சொல்லிவிட்டான். திரையில் வந்தது:

'பேரிங்குக்கு வேர்க்குமான்னு கேட்டவர் யாரு'

கேட்டேன்தான். அவன் ஃபேன் கேட்டபோது அப்படித்தான் கேட்டேன். பேரிங்குக்கு வேர்க்காது. எனக்கு வேர்க்கிறது, மாட்டுகிறேன். இதிலென்ன தப்பு?

வீட்டுக்காரி, "கடையில உங்க தம்பி நல்லாப் பேசறாராமே? கூட்டம் குறையலையாமே?" என்று கேட்டாள். யாரைக் கேட்டு இவள் இதையெல்லாம் விசாரிக்கிறாள்?

மார்ச் 26, புதன்

ஒரு வாரம் முடிந்தது. "லேபிள் மெஷின் இன்னும் சரியா பேசல, நாளைக்கு வரேன்" என்று கடைக்குச் சொல்லி அனுப்பினேன். லேபிள் மெஷின் நன்றாகத்தான் பேசுகிறது.

மதியம் மேல் ரேக்கில் ஒரு மூலையில் கை விட்டபோது ஒரு ஃபேன் பெல்ட் கிடைத்தது. அவன் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிய லாட்டில் தவறி நின்றது. லாட் நம்பர் பார்த்தேன், அதேதான். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் உள்வெளியாகத் திருப்பி மடக்கினேன். இழுத்தேன். முறுக்கினேன். ஒரு கீறல் இல்லை. வெடிப்பு இல்லை. புதுசு மாதிரி.

நான் சொன்னேன்! அன்றைக்கே சொன்னேன்!

கீபோர்டில் உட்கார்ந்து அடித்தேன்: 'அந்த லாட் பெல்ட் ஒண்ணு இருக்கு. வெடிக்கல.' நாற்பதுக்குள் அடங்கியது. இரண்டு எழுத்துக்கு இன்னும் இடமிருந்தது. அனுப்பும் பட்டனின் மேல் விரலை வைத்தேன்.

அங்கே அவன் ஆறு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பான். பார்ட்டிகள் இப்போதுதான் 'சின்னவரே' என்று கூப்பிடப் பழகியிருக்கிறார்கள். அப்போது திரையில் இது போய் நிற்கும்.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பெல்ட்டை எடுத்துப் போய் ஓடுகிற பெல்ட்டுகளோடு சேர்த்து மாட்டினேன். விற்றுப் போகட்டும். இவ்வளவு நல்ல பாயின்ட்டை வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

மார்ச் 29, சனி

மாதம் முடியப்போகிறது. மாமனாருக்கு என்ன பதில் என்று அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'சீல் 40', 'பெல்ட் 12', 'டப்பா மாத்தி அனுப்பு'. வேலையைத் தவிர ஒரு எழுத்து இல்லை. நல்லது. போகிறவனுக்கு எதற்கு வீண் எழுத்து.

பகலெல்லாம் குடோன் ஆட்கள் மேல் எரிந்து விழுந்தேன். ஒருத்தன் முணுமுணுத்தான்: "சின்னவர் இருந்தா இப்படிக் கத்த மாட்டாரு." அவனிடமும் கத்தினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கூட்டம் அதிகம். திரை விடாமல் ஓடியது. உட்கார நேரமில்லை. சாயங்காலம் ஒரு ஆர்டர் வந்தது. 6205 இரண்டு. அடியில்:

'மாமனார்ட்ட வரலன்னுட்டேன். 6205 அர்ஜன்ட்'

ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

இதைச் சொல்கிற இடமா இது? ஒரு மாதமாக வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, இவன் பேரிங்கோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறான்! ஏன் போகவில்லை, எதற்குப் போகவில்லை, அவர் என்ன சொன்னார், உன் பெண்டாட்டி என்ன சொன்னாள்? ஒன்றும் கிடையாது. அர்ஜன்ட்டாம்! எவனுக்கு அர்ஜன்ட்? நேரில் போய் நாலு வார்த்தை கேட்டால்தான் சரிப்படும் என்று, ஆளை விட்டு அனுப்பாமல் நானே 6205 இரண்டை எடுத்துக்கொண்டு பின் தெருவைச் சுற்றி நடந்தேன். வழியெல்லாம் என்ன திட்டுவது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டே போனேன். நாற்பது எழுத்து கிடையாது, ஒரு பக்கம்.

கடையில் மூன்று வரிசைக்குக் கூட்டம். அவன் நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டே ஒரு கையால் தட்டுகிறான், இன்னொரு கையால் யாருடைய பழைய பேரிங்கையோ லென்ஸில் திருப்பி நம்பர் பார்க்கிறான். அந்த வெள்ளை லாரிக்காரன்தான் எதிரில் நின்றான், இந்த முறை கழட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

என்னைத் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அங்க வைண்ணே," என்றான்.

வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வழியை மறைக்கிறேன் என்று ஒரு பார்ட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

குடோனுக்குத் திரும்பி வந்தேன். அதற்குள் திரையில் ஐந்து ஆர்டர் நின்றது.